சிப்பியில் இருந்த மருந்தும் நான் சொல்லாத அளவும்

ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம், ஆய்வுகூடத்தில் புதிதாகச் சேர்ந்த ஆறு பேருக்கு முன்னால் என்னை அரை மணி நேரம் பேசச் சொன்னார்கள். தலைப்பையும் அவர்களே தந்திருந்தார்கள்: வாடிக்கையாளரின் இரகசியம் காத்தல். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். பரிசோதனைக்கு வந்த மாதிரி யாருடையதோ, முடிவும் அவருடையதுதான். வீட்டிலோ கோயிலிலோ ரயிலிலோ அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. பேசி முடித்ததும் பின்வரிசையில் இருந்த ஒரு பெண், நான் எப்போதாவது இந்த விதியை மீறியிருக்கிறேனா என்று கேட்டாள். ஒருமுறை என்றேன். அதற்குள் மதிய உணவு வந்துவிட்டது. அவளுக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் இரசாயனவியல் படித்தவள். ஆக்லாந்துக்கு வந்த முதல் வருடம் பென்ரோஸில் ஒரு கிடங்கில் பெட்டி ஒட்டினேன். அதே தெருவில் நாலு கட்டடம் தள்ளி ஓர் உணவுப் பரிசோதனை ஆய்வுகூடம் இருப்பதை மதிய இடைவேளை நடையில் கண்டுபிடித்து, உள்ளே போய் வேலை கேட்டேன். பாத்திரம் கழுவ ஆள் வேண்டும் என்றார்கள். பதினான்கு மாதம் கண்ணாடிக் குழாய்கள் கழுவினேன். பிறகு மாதிரி வாங்கிப் பதிகிற வேலை, பிறகு அரைக்கிற வேலை, பிறகு கருவிகள். கடைசியில் அறிக்கையில் கையெழுத்துப் போடும் தகுதி. தேன், பால், இறைச்சி, மீன் என்று எது வந்தாலும் அதற்குள் பூச்சி மருந்தோ கால்நடை மருந்தோ மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பது என் பிரிவு. மனுரேவாவில் வீடு. காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்புவேன். பெரும்பாலான நாட்களில் முடிவு 'கண்டறியப்படவில்லை' என்றுதான் வரும். அந்த ஒரு சொல்லை எழுதிச் சம்பளம் வாங்கியவள் என்று என் மகள் கேலி செய்வாள்.

என் மேலதிகாரி அலன். உயரமானவர். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. கருவியிலிருந்து வரும் வரைபடத்தை அவர் ஒருநாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை. தாளை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய், கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மூக்குக்கு அருகே வைத்து வாசிப்பார். அவரிடம் இரண்டு வழக்கங்கள் இருந்தன. ஏதாவது கண்டுபிடித்துவிட்டோம் என்று போனால், "வேறு என்னவாக இருக்கலாம்?" என்று கேட்பார். ஒரு பதில் சொன்னால், அதைச் சரிபார்த்துவிட்டு வரச் சொல்லி மறுபடியும் அதையே கேட்பார். நமக்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சாத வரைக்கும் கேட்பார். மற்றது, கையெழுத்துக்கு முன் முடிவு எண்ணை அவருக்குச் சத்தமாக வாசிக்க வேண்டும். குரல் தடுமாறினால் பேனாவை மூடி வைத்துவிடுவார். தவறைப் போய் ஒப்புக்கொண்டாலும் நல்ல வேலை செய்தாலும் ஒரே மாதிரி "நன்றி, ராணி" என்பார். எது எதற்கென்று முகத்தில் தெரியாது.

அந்தக் கோடையில், ஒரு திங்கட்கிழமை, குளிர்ப்பெட்டியில் சிப்பி வந்தது. கயிற்றில் வளர்க்கிற பச்சை விளிம்புச் சிப்பி. இங்கே மஸல் என்பார்கள், எங்கள் ஊரில் மட்டி என்போம். அனுப்பியவர் பீட்டர். ஆக்லாந்திலிருந்து இரண்டரை மணி நேரம் காரில் போனால் வருகிற ஒரு குடாவில் அவருடைய குடும்பம் நெடுங்காலமாகச் சிப்பி வளர்க்கிறது. குடாவின் பெயரை நான் எழுதவில்லை. வழக்கமாக அவர் நச்சுப்பாசிக்கும் ஈயத்துக்கும் மட்டும் பரிசோதனை கேட்பார். அந்த முறை வெளிநாட்டில் புதிதாக வாங்க வந்தவர்கள் அன்டிபயோட்டிக் பரிசோதனையும் வேண்டும் என்றிருந்தார்கள். கடலில் யாரும் மருந்து ஊற்றுவதில்லையே என்று எண்ணிக்கொண்டு படிவத்தைப் பதிந்தேன்.

ஓட்டை உடைத்துச் சதையை எடுத்து, கழுவி, வடித்து, கூழாக அரைத்தேன். பாதியைச் சீல் வைத்து உறைபெட்டியில் போட்டேன். அது பின்னால் சண்டை வந்தால் எடுக்க. மற்றப் பாதியில் சிறிது நிறுத்து, அதற்குள் நாங்கள் அளவு தெரிந்து சேர்க்கிற ஒரு குறிப்பொருளைச் சேர்த்தேன். வழியில் எவ்வளவு தொலைகிறது என்று அது காட்டிக்கொடுக்கும். அன்டிபயோட்டிக்குகளில் ரெட்ராசைக்ளின் வகை மருந்துகள் பிடிவாதமானவை. சுண்ணாம்பையும் உலோகத்தையும் கண்டால் ஒட்டிக்கொள்ளும், கண்ணாடிச் சுவரிலும் ஒட்டும். அதனால் அவற்றைப் பிரித்தெடுக்கும் கரைசல் தனி. குழாய்கள் எல்லாம் பிளாஸ்டிக்காகத்தான் இருக்க வேண்டும்.

மறுநாள் காலை கருவியில் ஏற்றினேன். மருந்து இருந்தால் வரைபடத்தில் ஒரு முனை எழும். நாங்கள் பீக் என்போம். ஒக்ஸிரெட்ராசைக்ளின் என்கிற மருந்துக்கு அதன் பக்கத்தில் தம்பி மாதிரி ஒரு சின்னப் பீக்கும் வரும். எட்டு மாதிரிகளில் ஆறில் இரண்டும் நின்றன. வாங்குபவர்கள் வைத்திருந்த எல்லைக்குக் கொஞ்சம் மேலே.

அலன் தாளை ஜன்னலுக்குக் கொண்டுபோனார். வேறு என்னவாக இருக்கலாம் என்றார். முந்தின மாதிரியை ஏற்றிய ஊசியில் மிஞ்சியதாக இருக்கலாம் என்றேன். வெறும் கரைசலை இடையிடையே ஏற்றிப் பார்த்தேன், சுத்தம். எங்களில் யாராவது அந்த மருந்தைப் பூசுகிறோமா, விழுங்குகிறோமா? எல்லோரையும் கேட்டேன். பக்கத்துப் பிரிவில் உலோகம் பார்க்கிற டெய்சி, மலேசியத் தமிழ்ப் பெண், பல் வைத்தியத்துக்காக மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தாள். பெட்டியைக் கொண்டுவந்து காட்டினாள். வேறு மருந்து. சிப்பிச் சதையில் இயற்கையாக இருக்கிற எதுவோ ஏமாற்றுகிறதா? வேறொரு கரையில் வளர்ந்த சிப்பியைச் சூப்பர் மார்க்கெட்டில் வாங்கி அதே வழியில் செய்தேன். தட்டையான கோடு. சீல் வைத்த பாதியை உடைத்து மறுபடி முதலிலிருந்து செய்தேன். அதே பீக், அதே அளவு. வெள்ளிக்கிழமை எனக்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. எண்ணை வாசித்தேன். கையெழுத்துப் போட்டார்.

அன்று மதியமே பீட்டர் தொலைபேசியில் கூப்பிட்டார். நான்தான் எடுத்தேன். அவர் கத்தவில்லை. அறுவடைப் படகைத் திருப்பிவிட்டதாகச் சொன்னார். தன் கயிறுகளுக்குக் கொஞ்சத் தூரத்தில் இரண்டு வருடத்துக்கு முன் கூண்டுகளில் மீன் வளர்க்கும் ஒரு கம்பனி வந்திருப்பதாகவும், அவர்களிடம் கேட்டதற்கு ஒரு துளி மருந்தும் போடவில்லை என்று எழுதியே தந்துவிட்டார்கள் என்றும் சொன்னார். பிறகு, உங்களுக்கு நிச்சயமா என்று கேட்டார். நிச்சயம் என்றேன்.

மாலைக்குள் மீன் கம்பனியின் வழக்கறிஞரிடமிருந்து கடிதம் வந்தது. தண்ணீரையும் மீனையும் முன்பே வேறிடத்தில் பரிசோதித்திருக்கிறார்கள், எதுவும் இல்லை, ஆகவே தவறு ஆய்வுகூடத்தில்தான், அறிக்கையைத் திரும்பப் பெறாவிட்டால் நட்டத்துக்கு நாங்கள் பொறுப்பு. எல்லர்ஸ்லியில் இருக்கும் எங்கள் தலைமை அலுவலகம் அலனைக் கூப்பிட்டு, 'முடிவு உறுதியற்றது' என்று ஒரு வரி சேர்க்க முடியாதா என்று கேட்டது. அலன் முடியாது என்றார். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளுக்கு ஏற்கெனவே அறிவித்துவிட்டதாகவும், அவர்கள் தாங்களே வந்து மாதிரி எடுப்பார்கள் என்றும் சொன்னார். அதுவரை யாரும் யாரிடமும் இதைப் பற்றிக் கதைக்கக் கூடாது என்று எங்களுக்கு எழுத்தில் தந்தார்.

இதற்கு ஐந்து வாரம் முன்னால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்குப் பின்னால் உள்ள, யூனிட் என்கிற சின்ன வீட்டில் செந்தில், கவிதா என்று ஓர் இளம் தம்பதி வாடகைக்கு இருந்தார்கள். மதுரைப் பக்கம். மீன் வளர்ப்புப் படித்து, கம்பனி விசாவில் வந்தவர் செந்தில். இரண்டு வாரம் ஏதோ ஒரு கடலோரத்தில் வேலை, இரண்டு வாரம் வீடு. கவிதாவுக்கு அப்போது ஏழாம் மாதம். ஒருநாள் செந்தில் ஒரு வாளியில் சிப்பி கொண்டுவந்து தந்தார். வேலைக்குப் பக்கத்துப் பாறையில் பிடுங்கியது, சனி ஞாயிறில் ஊர் ஆட்கள் குடும்பமாக வந்து பிடுங்குவார்கள், கவிதாவுக்கு இது என்றால் உயிர் என்றார். எந்தக் கரை என்று நான் கேட்கவில்லை. மிளகாயும் தேங்காய்ப்பாலும் விட்டுச் சமைத்துச் சாப்பிட்டேன்.

அறிக்கை போன மறுநாள், சனிக்கிழமை பின்னேரம், கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். செந்தில் வேலியோரம் வந்து நின்றார். முகம் சரியில்லை.

"அக்கா, நீங்க சாப்பாடு டெஸ்ட் பண்ற லேப்லதானே வேலை பாக்குறீங்க?"

ஓம் என்றேன்.

"எங்க பண்ணைக்குப் பக்கத்துல சிப்பில மருந்து இருக்குன்னு ஒரு லேப் சொல்லியிருக்காம். உங்க லேப்பா?"

கையில் இருந்த துணி அப்படியே நின்றது. "தம்பி, நான் வேலை விசயம் ஒண்டும் கதைக்கேலாது. தயவு செய்து கேக்காதேங்கோ."

அவர் கேட்டதற்குப் பதில் அதிலேயே கிடைத்துவிட்டது. வேலியைப் பிடித்துக்கொண்டு, நான் தடுக்கத் தடுக்கச் சொன்னார். மீன்களுக்கு நோய் வந்து செத்து மிதந்தபோது தீவனத்தில் மருந்து கலந்தார்களாம். கலந்தது அவர்தானாம். பதிவேட்டில் வைட்டமின் என்று எழுதச் சொன்னார்களாம். மருந்துப் பையில் கர்ப்பிணிகள் தொடக் கூடாது என்று அச்சடித்திருந்ததாம். வீட்டுக்கு வரும்போது கையை மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டுதான் வந்தாராம்.

"கைய கழுவினேன் அக்கா. ஆனா சிப்பிய நானே கொண்டாந்து அவளுக்கு ஆக்கிப் போட்டுருக்கேன். ரெண்டு மாசமா. குழந்தைக்கு ஏதாவது ஆகுமா? அத மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

விசாவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அதுதான் முதலில் மனதில் வந்தது, அவருக்கு வரவில்லை.

அந்த நிமிடத்தில் எனக்கு எண் தெரியும். நான் வாசித்த எண். ஒரு மருந்துக் குளிகையில் இருக்கிற அளவுக்கு ஈடாக அந்தச் சிப்பியைச் சாப்பிட வேண்டுமென்றால் மூட்டை மூட்டையாகச் சாப்பிட வேண்டும். எல்லை மீறியது என்பது உண்மை, விற்கக் கூடாது என்பதும் உண்மை. ஆனால் பாறைச் சிப்பியில் அதைப்போலப் பத்து மடங்கு இருந்தாலும், ஒரு பிள்ளையின் எலும்பையோ பல்லையோ கெடுக்கிற அளவு ஆகாது. இதை ஒரு வசனத்தில் சொல்லியிருக்கலாம். சொன்னால் பீட்டரின் எண்ணைக் கம்பனி ஆளிடம் கொடுத்ததாகிவிடும். வழக்கறிஞர் அதைப் பிடித்துக்கொண்டால் முழு அறிக்கையும் விழுந்துவிடும். பேசாமல் உள்ளே போனால், பாறையில் பிடுங்கியதை அவர்கள் இன்னும் சாப்பிடுவார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கிடைத்துவிட்டதாக நினைத்தேன்.

"இனி அந்தக் கரைச் சிப்பியைச் சாப்பிட வேண்டாம். நீங்களும் வேண்டாம், அவவும் வேண்டாம். திங்கட்கிழமை பிரசவம் பாக்கிற மிட்வைஃபிட்டப் போய் எல்லாத்தையும் சொல்லுங்கோ. இதுக்கு மேல என்னட்டக் கேக்காதேங்கோ."

அவர் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன். சரிங்கக்கா என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

ஞாயிறு முழுவதும் அவர்கள் யூனிட்டின் திரை திறக்கவில்லை. சமையலறை ஜன்னலில் நின்றால் அதுதான் தெரியும். இரண்டு தரம் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல் வரை போனேன். போய் அளவு சின்னது என்று சொல்லிவிட்டு வர ஐந்து நிமிடம் போதும். ஏற்கெனவே ஒரு அடி தாண்டிவிட்டாய், இன்னொரு அடி வைத்தால் பீட்டரும் விழுவார், அலனும் விழுவார் என்று எனக்கே சொல்லிக்கொண்டு திரும்பி வந்தேன்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு அலனின் அறையில் நின்றேன். வேலியோரத்தில் நான் சொன்னதையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். நின்றபடியே கேட்டார்.

"எண்ணைச் சொன்னாயா?"

"இல்லை."

"அவர் உனக்கு ஏதாவது சொன்னாரா?"

"சொன்னார்."

"அதை என்னிடம் சொல்லாதே." கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஒரு மனிதனின் வாக்குமூலத்தில் சாய்ந்து நிற்கிற முடிவு எனக்கு வேண்டாம். சிப்பி என்ன சொல்கிறதோ அது போதும்."

பிறகு நன்றி, ராணி என்றார். அதே மூச்சில், அந்த வேலையிலிருந்து என்னை விலக்குவதாகவும், எழுத்தில் எச்சரிக்கை வரும் என்றும் சொன்னார். நான் தலையாட்டினேன். வெளியே வரும்போது, பாறையில் குடும்பங்கள் பிடுங்கிச் சாப்பிடுகிறார்கள் என்பதை மட்டும் சொல்லலாமா என்று கேட்டேன். அதைச் சொல்லத்தான் வேண்டும் என்றார். நான் இன்னும் வாசலில் நிற்கும்போதே அதிகாரிகளுக்குத் தொலைபேசி எடுத்து, கயிற்றில் மட்டுமல்லாமல் பாறைகளிலும் கூண்டுக்கு அடியில் உள்ள சேற்றிலும் மாதிரி எடுக்கச் சொன்னார்.

வியாழக்கிழமை மாதிரிகள் வந்தன. ஒரு பங்கு எங்களுக்கு, ஒரு பங்கு வேறு நகரத்தில் ஓர் ஆய்வுகூடத்துக்கு. எந்தப் பை எந்த இடத்தினுடையது என்று எங்களுக்குத் தெரியாது, வெறும் குறியெண்கள்தான். விளக்கம் ஒட்டிய உறையில் அதிகாரிகளிடம் இருந்தது. அன்றுதான் கடற்கரையில் தற்காலிகப் பலகையும் வைத்தார்கள். பரிசோதனை நடக்கிறது, சிப்பி எடுக்க வேண்டாம். காரணம் எழுதவில்லை.

வேலையைச் செய்தது டெய்சி. அவள் அந்த முறையைச் செய்து கனகாலம் ஆகியிருந்தது. அலன் பல வருடத்துக்குப் பிறகு வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றார். எனக்குக் கண்ணாடிச் சுவருக்கு வெளியே ஒரு மேசை. பாலில் உலோகம் பார்த்த பழைய அறிக்கைகளைச் சரிபார்க்கச் சொல்லியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை பகல், டெய்சி கடைசிக் கட்டத்தில் கரைசலை வற்றவைக்கக் குழாய்களை அடுக்கினாள். வெளிச்சத்தில் அவை மின்னின. பிளாஸ்டிக் மின்னாது. அவள் எடுத்திருந்தது கண்ணாடிக் குழாய்.

எழுந்து நின்றேன். அந்த மருந்து கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், கணக்குக் குறைந்து வரும், கம்பனி சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். கதவு நாலு அடியில் இருந்தது. தட்டி ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் விலக்கப்பட்டவள் வந்து குழாயை மாற்றச் சொன்னாள் என்று பதிவேட்டில் எழுத வேண்டி வரும். அதற்குப் பிறகு அந்த முடிவை யார் நம்புவார்கள்? உட்கார்ந்தேன். பேனாவைக் கீழே வைத்தேன். உள்ளே போட்ட குறிப்பொருள் ஒன்று இருக்கிறது, அது காட்டிக்கொடுக்கும், அதற்காகத்தான் அதைப் போடுகிறோம் என்று திரும்பத் திரும்ப நினைத்தேன். இத்தனை வருடம் அந்த முறையை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதை நம்பி வெறுமனே உட்கார்ந்திருந்தது அன்றுதான்.

மூன்று மணிக்குக் கருவி முதல் வரைபடத்தைத் தந்தது. அலன் ஜன்னலுக்குப் போனார். நெடுநேரம் வாசித்தார். திரும்பி டெய்சியிடம் ஏதோ கேட்டார். அவள் முறையின் தாளைப் புரட்டினாள், ஓரிடத்தில் விரல் நின்றது, தலையில் கையை வைத்துக்கொண்டாள். குறிப்பொருள் பாதிகூடத் திரும்பி வரவில்லை. முழுத் தொகுதியையும் கழித்துவிட்டு, காரணத்தை எழுதி, இருவரும் கையெழுத்திட்டார்கள். சரியான பிளாஸ்டிக் குழாய் கையிருப்பில் தீர்ந்துபோயிருந்தது. திங்கட்கிழமைதான் வரும்.

டெய்சி வெளியே வந்து என் மேசையருகே நின்றாள்.

"அக்கா, நீங்க பார்த்தீங்கதானே?"

"பார்த்தனான்."

"நாலு நாள் போச்சு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன?"

சொல்லியிருந்தால் என்ன ஆகும் என்று விளக்கினேன். அவள் கேட்டாள், மறுக்கவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு ஒரு மாதம் அவள் தேநீர் போடும்போது எனக்குச் சேர்த்துப் போடவில்லை.

அந்தச் சனி ஞாயிறு எனக்கு முந்தியதை விட மோசம். கவிதா கொடியில் உடுப்புப் போட வெளியே வந்தாள். என்னைக் கண்டதும் கூடையை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனாள். செந்தில் தன் வேலை வாரம் தொடங்கியும் வேலைக்குப் போகவில்லை என்பது காரைப் பார்த்துத் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை இரண்டாம் தொகுதி ஓடியது. குறிப்பொருள் முழுதாகத் திரும்பியது. டெய்சி எண்களை ஒவ்வொன்றாக வாசித்தாள்; அவள் குரல் கண்ணாடிக்கு வெளியே எனக்குக் கேட்கவில்லை, அலனின் பேனா மட்டும் தெரிந்தது. அவர் அதை மூடவில்லை. புதன்கிழமை உறையைத் திறந்தார்கள். கூண்டுக்கு அடிச் சேற்றில் மருந்து அப்படியே கிடந்தது. பக்கத்துப் பாறைச் சிப்பியில் அதிகம், பீட்டரின் கயிற்றில் அதை விடக் குறைவு, குடாவின் வாயில் கொஞ்சம், வெளியே எதுவும் இல்லை. தண்ணீரிலும் மீனிலும் இல்லாததற்கும் விளக்கம் இருந்தது. மீனின் உடம்பிலிருந்து மருந்து சில வாரத்தில் போய்விடும். மீன் தின்னாமல் விட்ட தீவனம் சேற்றில் போய்த் தங்கியிருக்கிறது. கோடையின் தொடக்கத்தில் அடித்த புயல் சேற்றைக் கலக்கிவிட்டிருக்கிறது. சிப்பி நாள் முழுவதும் தண்ணீரை வடித்துக்கொண்டே இருக்கிற உயிர். கலங்கிய துகளையெல்லாம் அது வாங்கி வைத்துக்கொண்டது. மற்ற நகரத்து ஆய்வுகூடமும் அதே வரிசையைச் சொன்னது.

அதற்குப் பிறகு விசயங்கள் வேகமாக நடந்தன. கடற்கரைப் பலகையில் காரணம் எழுதப்பட்டது. எவ்வளவு இருந்தது, சாப்பிட்டவர்கள் பயப்படத் தேவையில்லை, இனி எடுக்க வேண்டாம் என்று அறிவித்தார்கள். அதிகாரிகள் பண்ணைக்குப் போனபோது செந்தில் தானாகவே முன்வந்து, மருந்துப் பைகளைத் தன் ஃபோனில் எடுத்து வைத்திருந்த படங்களைக் கொடுத்தார். என்னிடம் சொன்னதை நான் எவரிடமும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் வரவில்லை. கம்பனி அவரை வேலையால் நிறுத்தியது. கூண்டுகளை அந்தக் குடாவிலிருந்து எடுக்கச் சொல்லிக் கம்பனிக்கு உத்தரவு போனது. பீட்டருக்கு அந்த வருட அறுவடை இல்லை. அடுத்த வருடம் அவர் மாதிரி அனுப்பியபோது படிவத்தில் அன்டிபயோட்டிக் கட்டத்தில் தானே கோடு போட்டிருந்தார். முடிவு 'கண்டறியப்படவில்லை' என்று வந்தது. தொலைபேசியில் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார்.

அறிவித்தல் வெளிவந்த அன்றே, புதன்கிழமை மாலை, ரயிலால் இறங்கி நேரே பின்யூனிட்டுக்குப் போனேன். இனி எனக்குத் தடை இல்லை. கவிதாதான் கதவைத் திறந்தாள். செந்தில் உள்ளே ஃபோனில் யாரோ விசா வழக்கறிஞரோடு பேசிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே சொன்னேன். அளவு மிகச் சின்னது, பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது, நான் கையால் அளந்தது, பயப்படாதே.

அவள் கதவைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இது உங்களுக்கு எப்ப தெரியும் அக்கா?"

பொய் சொல்ல முடியவில்லை. "அண்டைக்கே தெரியும்."

"அன்னைக்கேன்னா, அவர் வேலிகிட்ட வந்து கேட்டப்பவே."

"ஓம்."

"மிட்வைஃப் கிட்ட போய்ச் சொன்னோம். எவ்வளவுன்னு கேட்டாங்க. தெரியலைன்னோம். டாக்டர் கிட்ட அனுப்பினாங்க. அவரும் எவ்வளவுன்னுதான் கேட்டார். ஸ்கேன் எடுத்தாங்க, ரத்தம் எடுத்தாங்க. அளவு தெரியாம ஒண்ணும் சொல்ல முடியாதுன்னாங்க. பதினொரு நாள் அக்கா. இவர் என் வயித்தத் தொடவே இல்ல. தான்தான் விஷம் வச்சுட்டோம்னு அந்த மூலையில உக்காந்திருந்தார்." அவள் குரல் உயரவில்லை. "எங்களுக்காக ரூல மீறினதா நீங்க நெனச்சிருப்பீங்க. பாதிதான் மீறினீங்க. சாப்பிடாதீங்கன்னு சொல்லத் தெரிஞ்ச உங்களுக்கு, பயப்படாதீங்கன்னு சொல்ல வாய் வரல."

அறிக்கை விழுந்திருக்கும், பீட்டர், வழக்கறிஞர் என்று சொல்ல நிறைய இருந்தது. ஒவ்வொன்றும் உண்மை. ஒன்றையும் சொல்லவில்லை. மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். அவள் தலையை அசைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

பிள்ளை ஏப்ரலில் பிறந்தது. பெண் பிள்ளை, ஒரு குறையும் இல்லை. அதை நான் அவர்கள் வாயால் கேட்கவில்லை, கோயிலில் வேறொருவர் சொன்னார். செந்திலுக்குப் பல மாதம் இழுபட்டு வேறொரு விசா கிடைத்து, பென்ரோஸில் ஒரு குளிர்க்கிடங்கில் வேலை கிடைத்தது. ஒரே ரயிலில் சில நாள் கண்டிருக்கிறேன். அவர் வணக்கம் சொல்வார், பக்கத்தில் வந்து உட்கார மாட்டார். வருட முடிவில் அவர்கள் வேறு பக்கம் வீடு மாறிப் போனார்கள்.

என் எச்சரிக்கைக் கடிதம் ஒரு பக்கம். வாடிக்கையாளரின் முடிவு தொடர்பாக வெளியாருக்கு ஆலோசனை கூறியது என்று எழுதியிருந்தது. ஒரு வருடம் கழித்து அதைக் கோப்பிலிருந்து எடுத்துவிடலாம் என்று அலன் சொன்னார். இருக்கட்டும் என்றேன். காரணம் கேட்டார், வழக்கம்போல நின்றபடியே. அதை இப்போதுதான் சொல்கிறேன். அந்தக் கடிதத்தில் இருந்த குற்றம், நான் சொன்னது. சொல்லாமல் விட்ட மீதிக்கு எனக்கு யாரும் கடிதம் தரவில்லை.